பின்னால் இருந்து வரைந்த பறவைகள்

நீரேரிக் கல்வி நிலையம்,
தொண்டைமானாறு.
10.02.2025

அன்பும் மதிப்பும் உள்ள சுவர்ணா ரீச்சருக்கு,

சனிக்கிழமை நீங்கள் தரம் ஏழுப் பிள்ளைகளோடு இங்கே வந்தபோது ஒரு பெண்ணுக்கு மாலை போட்டீர்களே, அது நான்தான். பெயர் அருந்ததி. அன்றைக்கு அதைக்கூட நான் சொல்லவில்லை என்பதால் முதலில் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டுப் படிவத்தை எங்கள் இயக்குநர் பிரகலாதன் சேர் என்னிடம் காட்டினார். ‘அலுவலர் விளக்கிய விதம்’ என்ற நாலாம் நிரலில் ‘அலுவலர் வாய் திறக்கவில்லை’ என்று இருந்தது. ‘கண்ட உயிரினங்கள்’ என்ற இடத்தில் ‘ஒரு நாய்’ என்று இருந்தது. இரண்டும் உண்மை. நாய் எங்கள் நிலையத்து நாய்.

குறை சொல்ல எழுதவில்லை. ஆனாலும் நடந்ததை என் பக்கத்தில் இருந்து ஒருமுறை கேளுங்கள். அன்றைக்கு விடிய ஐந்தரைக்கே நான் கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இருநூற்றுப் பத்துப் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணி எழுதினேன். பிள்ளைகள் இதைக் கண்டால் போதும், நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். பஸ் வந்தது. முதலில் பாண்ட் வாத்தியம் இறங்கியது. பெரிய மேளத்தின் முதல் அடிக்கே இருநூற்றுப் பத்தும் எழும்பிவிட்டன. பிறகு பதாகை கட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், அதிபர் பேசினார், நீங்கள் பேசினீர்கள். ஒன்பதரை மணிக்கு, ‘இப்போது எங்கள் பிரதம விருந்தினர்’ என்று சொல்லி மைக்கை என் கையில் தந்தீர்கள். நான் வழிகாட்ட வந்தவள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆட்களுக்கு முன்னால் கதைக்க வராது. தொலைபேசியிலும் வராது. போன வாரம் மூன்று தரம் உங்களுக்கு அழைப்பு எடுத்து, நீங்கள் ‘ஹலோ’ என்றதும் வைத்தது நான்தான். எழுதுவதென்றால் பயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு உதவி கேட்க வேண்டும். எனக்கு இங்கே ஆறு மாதப் பயிற்சிக் காலம். மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் ஏதாவது ஒரு பாடசாலையின் படிவத்திலாவது நாலாம் நிரல் நன்றாக நிரம்பியிருந்தால்தான் வேலை நிரந்தரமாகும். மழையால் இரண்டு பாடசாலைகள் வரவில்லை. மிச்சம் இருப்பது உங்களுடையது மட்டும். இந்த வேலை போனால் நானும் மற்றவர்களைப் போல ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டும். அது கிடைத்தால் ஒவ்வொரு நாளும் நாற்பது பேருக்கு முன்னால் கதைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா இதே நீரேரியில் இறால் பிடிப்பவர். எந்தப் பறவை எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் தெரியவில்லை.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் இரண்டு பாதியாக, 22ஆம் திகதியும் மார்ச் 8ஆம் திகதியும் மறுபடி கூட்டிவருவீர்களா? காலை ஆறரைக்கு முன் வந்தால் நல்லது. வெள்ளைச் சீருடை தூரத்திலிருந்தே தெரியும், அது வேண்டாம். பாண்ட் வாத்தியத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களே யோசியுங்கள்.

பணிவுடன்,
அருந்ததி


மருதனார்மடம்,
13.02.2025

அன்புள்ள அருந்ததிக்கு,

நீர் என்று எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். எனக்கு நாற்பத்தொரு வயது. மூன்று தரம் அழைப்பு எடுத்து வைத்தது நீர்தானா? எங்கள் வீட்டுக்காரர் அதைச் சொல்லி ஒரு கிழமையாக என்னைப் பகிடி பண்ணுகிறார்.

‘ஒரு நாய்’ என்று எழுதும்போது எனக்கு நல்ல கோபம். உம்முடைய கடிதத்தை வாசித்த பிறகு வெட்கமாக இருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் தெரியுமா? “ரீச்சர், அந்த மிஸ் கனடாவிலை இருந்து வந்தவவோ? தமிழ் தெரியாதோ?” நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பாண்ட் வாத்தியம் எங்கள் அதிபர் கனகரத்தினம் சேருடைய ஏற்பாடு. தலைப்பும் முத்திரையும் உள்ள கடிதம் ஒன்று பாடசாலைக்கு வந்தால் அது அவருக்கு வைபவம்தான். மாலையும் விளக்கும் இல்லாமல் ஒரு தண்ணீர்த் தாங்கிகூட எங்கள் பாடசாலையில் திறக்கப்பட்டதில்லை. நேற்று அவரிடம் போய்ச் சொன்னேன்.

“சேர், பாண்ட் வேண்டாமாம்.”

“ஏன்? எங்கடை பாண்ட் வலயத்திலை இரண்டாமிடம் எல்லோ?”

“பறவையள் பறந்திடுமாம், சேர்.”

“பறக்கிறதுக்குத்தானே பிள்ளை பறவை.”

அரை மணித்தியாலம் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தோம். விளக்கைப் பாடசாலையிலேயே விடிய ஐந்து மணிக்கு ஏற்றிவிட்டுப் பஸ் ஏறுவது. சீருடை வேண்டாம், வீட்டில் உடுக்கும் உடுப்போடு வரலாம். பாண்ட் இல்லை. இதற்கு மேல் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

உம்முடைய வாய்க்கு நான் ஒரு வழி சொல்கிறேன். நீர் எழுதுகிற கடிதம் நன்றாக இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை அப்படியே எழுதி அனுப்பும். நான் வாசிக்கிறேன். வாசிக்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். காலைப் பிரார்த்தனையில் மைக் பழுதானால் அதிபர் என்னைத்தான் கூப்பிடுவார்.

அன்புடன்,
சுவர்ணா


தொண்டைமானாறு,
17.02.2025

அன்புள்ள சுவர்ணா ரீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து வீட்டில் எல்லாரும் என்னை ‘கனடா மிஸ்’ என்கிறார்கள். அம்மாவுக்குச் சொன்னது என் பிழை.

ஐந்து இடங்களுக்கு ஐந்து தாள் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். முதலாவது பாலத்தடி. அங்கே நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். உடம்பு கறுப்பும் வெள்ளையும், கால் இளஞ்சிவப்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளம். இரண்டாவது சேற்றுத் திட்டு. அந்தச் சேற்றில் கோலம் போட்டதுபோலச் சின்னக் காலடிகள் இருக்கும், எது யாருடையது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். கண்டலடித் தாளை மட்டும் நாலு தரம் எழுதிக் கிழித்தேன். தண்ணீருக்கு மேலே மூச்சு விடுகிற வேரைப் பற்றி எழுதப் போனால் அது பாடப்புத்தகம்போல வந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு விளங்குகிறபடி, ‘வெங்காயத்தை நீருக்குள் நட்டால் அழுகிவிடும், இந்த மரம் ஏன் அழுகவில்லை?’ என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?

சப்பாத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். சேறு இழுத்தெடுத்துவிடும். சாப்பாட்டைப் பத்து மணிக்குப் பிறகு பிரிக்கட்டும். காகம் வந்தால் மற்றப் பறவை நிற்காது.

நான் உங்களுக்குப் பக்கத்திலேயே நிற்பேன். எந்தப் பறவை என்று கையால் காட்டுவேன். அதைச் செய்யத் தெரியும்.

அன்புடன்,
அருந்ததி


மருதனார்மடம்,
24.02.2025

அன்புள்ள அருந்ததிக்கு,

எப்படி என் வாசிப்பு? நானே என்னை மெச்சிக்கொள்கிறேன். வெங்காயக் கேள்விக்கு எத்தனை கை உயர்ந்தது பார்த்தீரா? பத்தொன்பது பிள்ளைகளில் பதினாறு. என் விஞ்ஞான பாடத்தில் பதினாறு கை உயர்ந்து நான் கண்டதில்லை.

உடுப்புக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டு உடுப்பு என்றுதான் நான் சொல்லி அனுப்பினேன். தாய்மார் கேட்டால்தானே. வெளி இடத்துக்குப் போகிற பிள்ளையைப் பழைய சட்டையோடு விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று, கோயில் திருவிழாவுக்கு எடுத்ததை எல்லாம் போட்டு விட்டுவிட்டார்கள். பஸ் ஏறும்போதே எனக்குக் கண் கூசியது. சரிகைப் பாவாடையோடு யதுர்சிகா சேற்றில் இறங்கினபோது நீர் கண்ணை மூடினதையும் கண்டேன். அவளுடைய தாய் இன்றைக்குப் பாடசாலைக்கு வந்தா. ஏச வந்தா என்று நான் ஒளியப் பார்த்தேன். “ரீச்சர், இரவு முழுக்கச் சேத்திலை இருந்த காலடியைப் பற்றித்தான் கதை. ஆரின்ரை காலடியாம் அது?” என்று கேட்டா. எனக்கு மறந்துபோச்சு. எழுதும்.

பிள்ளைகளுக்கு ‘நான் பார்த்த பறவை’ என்று ஒரு படம் வரையக் கொடுத்திருக்கிறேன்.

படிவம் மேசையில் இருக்கிறது. எல்லா நிரலும் நிரப்பியாயிற்று. நாலாம் நிரலில் மட்டும் பேனை நிற்கிறது. என்ன எழுத?

அன்புடன்,
சுவர்ணா


தொண்டைமானாறு,
27.02.2025

அன்புள்ள சுவர்ணா ரீச்சருக்கு,

யதுர்சிகாவின் அம்மாவுக்குச் சொல்லுங்கள்: முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்றும் இல்லாதது நெடுங்கால் உள்ளான். விரல்களுக்கு நடுவில் தோல் விரித்த அடையாளம் இருந்தால் அது பூநாரை.

நாலாம் நிரலில் ‘நன்று’ என்று எழுதுவீர்களா?

இதைக் கேட்பதற்கு இரண்டு நாள் யோசித்தேன். வாசித்தது நீங்கள், ஆனால் தாளில் இருந்தது எல்லாம் நான் எழுதியது. விளக்கியது நான்தான் என்று ஒரு வகையில் சொல்லலாம். பிரகலாதன் சேர் படிவத்தை மட்டும்தான் பார்ப்பார். இன்னும் முப்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது. அம்மா பக்கத்து வீட்டாருக்கு, “என்ரை பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகப் போகுது” என்று சொல்லியும்விட்டா. “பறவை எண்ணுறதும் ஒரு வேலையோ?” என்று அவர்கள் கேட்கிறதுக்கு அம்மாவிடம் இதைவிட வேறு பதில் இல்லை.

உங்களைச் சங்கடப்படுத்தினால் மன்னியுங்கள்.

அன்புடன்,
அருந்ததி


மருதனார்மடம்,
02.03.2025

அன்புள்ள அருந்ததிக்கு,

முடியாது, பிள்ளை.

கதைத்தது நான். அதற்கு உமக்கு ‘நன்று’ என்று போட்டால், பார்த்து எழுதின பிள்ளையின் கொப்பியில் நாளைக்கு நான் எப்படிச் சிவப்புக் கோடு போடுவது? நாலாம் நிரலை வெறுமையாக விட்டுப் படிவத்தை அனுப்பிவிட்டேன். பொய்யும் எழுதவில்லை, உமக்கு எதிராகவும் எழுதவில்லை.

இன்னொரு விஷயம். படங்கள் வந்துவிட்டன. பத்தொன்பதில் பதினேழு பறவைகளுக்கு முகம் இல்லை. வால், தொங்குகிற கால், விரிந்த செட்டை. எல்லாம் பின்னால் இருந்து வரைந்தவை. மிச்சம் இரண்டில் ஒருவன் சோற்றுப் பார்சலை வரைந்திருந்தான். ஒருத்தி என்னை வரைந்திருந்தாள், வாய் முகத்தில் பாதி.

“ஏனடி எல்லாரும் பின்பக்கத்தையே கீறியிருக்கிறியள்?” என்று யதுர்சிகாவைக் கேட்டேன்.

“அதைத்தானே ரீச்சர் கண்டனாங்கள்.”

“முன்பக்கம்?”

“நீங்கள் வாசிக்கத் தொடங்க அது எழும்பிடும், ரீச்சர்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு வரவில்லை. என் குரலைப் பற்றி இருபது வருஷமாக எல்லாரும் நல்லதுதான் சொன்னார்கள்.

நீர் பறவை எண்ணுகிறவர். பத்து எழும்பினால் பத்தென்று எழுதுகிறவர். நான் வாசிக்க வாசிக்க அவை பறந்ததை நீர் காணவில்லையா? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

எட்டாம் திகதி நான் வாசிக்கமாட்டேன். நீர் கதையும்.

சுவர்ணா


தொண்டைமானாறு,
04.03.2025

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

கண்டேன். என் குறிப்புப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறேன். ‘பாலத்தடி, நெடுங்கால் உள்ளான் 34. ரீச்சர் முதல் வரி. எழும்பின.’ ‘சேற்றுத் திட்டு, சின்ன உள்ளான் 60 வரை. ரீச்சர் இரண்டாம் வரி. எழும்பின.’ ஐந்து இடம், ஐந்து தரம். கண்டலடியில் மட்டும் ஒரு நீர்க்காகம் கடைசி வரைக்கும் நின்றது. அது செட்டை காயவைத்துக்கொண்டு நின்றதால் பறக்க முடியவில்லை.

சொன்னால் நீங்கள் வாசிக்காமல் விட்டுவிடுவீர்கள் என்று பயந்துதான் சொல்லவில்லை. பிள்ளைகள் பறவையைக் காண்பதைவிட என் நாலாம் நிரல் பெரிதாகப் போய்விட்டது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ‘நன்று’ என்று எழுதக் கேட்டதும் பிழை.

ஆனால் என்னால் கதைக்க முடியாது, ரீச்சர். பத்தொன்பது முகமும் ஒரேயடியாக என்னைப் பார்க்கும்போது எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிவிடுகிறது. அதனால் எட்டாம் திகதிக்கு என்னோடு வேலை செய்கிற பார்த்தீபனை அனுப்பச் சொல்லிப் பிரகலாதன் சேரிடம் கேட்கப் போகிறேன். பார்த்தீபன் நல்ல பகிடிக்காரன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். படிவத்திலும் அவனுடைய பெயர்தான் வரும். என் பயிற்சிக் காலம் முடிகிற மாதிரி முடியட்டும்.

உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அருந்ததி


மருதனார்மடம்,
06.03.2025

அருந்ததி,

தபாலில் போட்டால் சனிக்கிழமைக்கு முன் வராது. பருத்தித்துறைப் பஸ் கொண்டக்ரரிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் சந்திக் கடையில் இறக்கிவிடுவார்.

பார்த்தீபன் தம்பி தாராளமாக வரட்டும். சோற்றுப் பார்சல் இறக்க ஆள் வேண்டும்.

ஆனால் பிள்ளைகளுக்கு நான் அருந்ததி மிஸ் கதைப்பா என்று சொல்லிவிட்டேன். “கனடா மிஸ்ஸுக்குத் தமிழ் வருமோ?” என்று டிலக்ஷன் கேட்டான். தொண்டைமானாற்றில் பிறந்தவ என்று சொன்னேன். நம்பவில்லை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டேன். அதிபரும் என்னோடு பஸ்ஸில் இருப்பார், அவருக்கும் கொஞ்சம் சத்தம் கூடத்தானே. உடுப்பு விஷயம் இந்த முறை தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்: தோட்டத்துக்குப் போகிற உடுப்பு.

பிழை செய்தோம் என்று எழுதினீர். நானும் சேர்ந்துதான் செய்தேன். அதை நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒருவரும் இன்னும் ஒரு பறவையின் முகத்தைக் காணவில்லை. பங்குனி முடிய அவையும் போய்விடும்.

சுவர்ணா


தொண்டைமானாறு,
10.03.2025

அன்புள்ள சுவர்ணா அக்காவுக்கு,

ரீச்சர் என்றுதான் தொடங்கினேன், கை அக்கா என்று எழுதிவிட்டது. அப்படியே விடுகிறேன்.

நீங்கள் பஸ்ஸை விட்டு உண்மையாகவே இறங்கவில்லை. யன்னலில் உங்கள் தலையையும் அதிபரின் தலையையும் கண்டேன். அதனால் என்ன நடந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

நான் வந்தது கதைக்க இல்லை. கொண்டக்ரர் தந்த கடிதத்தை வாசித்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. பார்த்தீபனுக்குப் பின்னால் நின்று, பறவையைக் கையால் காட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். பிள்ளைகள் தகப்பன்மாரின் பழைய சேட்டுகளைப் போட்டுக்கொண்டு முழங்கால் வரைக்கும் தொங்கத் தொங்க இறங்கினார்கள். மண் நிறத்தில் ஒரு கூட்டம். ஒரு பறவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தடியில் நெடுங்கால் உள்ளான்கள் நாற்பது அடி தூரத்தில் நின்றன. பார்த்தீபன், “நான் தொடங்கட்டோ?” என்று கேட்டான். நான் தலையாட்டப் போன நேரம் கோபிஷா என் கையைப் பிடித்தாள். அவள் எனக்குப் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை, பல்லில் கம்பி கட்டினவள்.

“மிஸ், அது ஏன் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்குது?”

அவள் ஒருத்திதான் கேட்டாள். அவள் ஒருத்திக்குத்தான் சொன்னேன். காலால் சேற்றை மெல்ல மிதித்துப் பார்க்கிறது, உள்ளே இருக்கிற புழு அசைந்தால் சொண்டால் எடுக்கும் என்று. “இப்ப எடுக்கும், பார்” என்றேன். எடுத்தது. கோபிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னவாம்? என்னவாம்?” என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். கோபிஷா அவளுக்குச் சொன்னாள். அவள் அடுத்தவனுக்குச் சொன்னாள். பின்னால் இருந்து, “கேக்கேல்லை மிஸ்” என்று ஒரு குரல். அதோடு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்த்தீபன், “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ அருந்ததி” என்றான். எனக்கு நாக்கு ஒட்டிவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது டிலக்ஷன் பார்த்தீபனிடம் சொன்னான்: “அண்ணை, சத்தமாச் சொன்னால் பறந்திடும். யதுர்சிகாவையள் பின்பக்கம் மட்டும்தான் கண்டவை. மிஸ் உப்பிடியே சொல்லட்டும். நாங்கள் கிட்டப் போவம்.”

சொல்லிவிட்டு அவன் குந்தினான். குந்தியபடியே முன்னால் வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் குந்தினார்கள். செருப்பு ‘சளக், சளக்’ என்றது. கோபிஷா திரும்பி முறைத்ததும் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள். பத்தொன்பது பேரும் என்னைச் சுற்றிச் சேற்றில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, அக்கா. எல்லாரும் பறவையைத்தான் பார்த்தார்கள். நானும் பறவையைப் பார்த்துக்கொண்டு கதைத்தேன்.

பாடம் ஒன்றும் சொல்லவில்லை. அது என்ன செய்கிறது என்று மட்டும் சொன்னேன். இப்போது நடக்கிறது, இப்போது நிற்கிறது, அங்கே மற்றது வருகிறது, இது அதைக் கலைக்கப் போகிறது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளும் கிரிக்கெட் வர்ணனைபோலக் குசுகுசுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். உள்ளான்கள் மேய்ந்துகொண்டே கிட்ட வந்தன. நாற்பது அடி இருபதாகி, இருபது பத்தடியானது. தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டோம்.

“மிஸ், அதுக்குக் கண் சிவப்பு” என்றான் டிலக்ஷன். “ரத்தச் சிவப்பு.”

ஐந்து இடம் என்று போட்டிருந்தோம். பாலத்தடியை விட்டு அவர்கள் எழும்பவில்லை. ஒன்றேகால் மணித்தியாலம் நான் கதைத்திருக்கிறேன் என்று பார்த்தீபன் மணிக்கூட்டைக் காட்டினான்.

வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொன்னேன்.

“நீயோ கதைச்சனீ? ஆரோடை?”

“பத்தொன்பது பேரோடை.”

அம்மா அப்பாவைப் பார்த்தா. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். “எனக்கும் ஒருக்காச் சொல்லு, என்ன சொன்னனீ எண்டு” என்றார். முப்பது வருஷமாக நெடுங்கால் உள்ளானுக்குப் பக்கத்தில் நின்று வலை வீசுகிறவருக்கு நான் என்ன சொல்வது? ஆனாலும் சொன்னேன். கடைசியில், “அதின்ரை கண் சிவப்பெண்டு எனக்குத் தெரியாது” என்றார்.

நாலாம் நிரலைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். நீங்கள் பஸ்ஸில் இருந்தீர்கள். கேளாததை எழுதமாட்டீர்கள் என்று தெரியும். எழுதவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அருந்ததி


மருதனார்மடம்,
17.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா என்று எழுதிவிட்டீர், இனி மாற்ற விடமாட்டேன்.

பஸ்ஸுக்குள் நானும் அதிபரும் இருந்த இருப்பை நீர் கண்டிருக்க வேண்டும். ஒன்றேகால் மணித்தியாலம் நான் கதைக்காமல் இருந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தரம். சாரதி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், சுகமில்லையோ என்று. அதிபர் ஒருமுறை இருமினார். நான் முறைத்தேன். பிறகு அவர் யன்னலால் பார்த்துக்கொண்டே, “பிள்ளையள் எல்லாம் நிலத்திலை குந்தியிருக்குதுகள். ஒருத்தனும் ஒருத்தனுக்கு அடிக்கேல்லை. என்ன செய்யிறா அந்தப் பிள்ளை?” என்று கேட்டார். “தெரியேல்லை சேர், இங்கை கேக்கேல்லை” என்றேன்.

படங்கள் பத்தொன்பதும் வந்துவிட்டன. பத்தொன்பதுக்கும் முகம் இருக்கிறது. சிவப்புப் பென்சிலுக்கு வகுப்பில் சண்டை. யதுர்சிகாவும் அவளோடு போனவர்களும் ஒரு கிழமையாக என்னோடு கோபம். அவர்களை ஐப்பசியில், பறவைகள் திரும்பி வந்ததும், முதல் பஸ்ஸில் கொண்டுவருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீர் அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என் மானம் போய்விடும்.

படிவத்தை நிரப்பும்போது மறுபடி நாலாம் நிரலில் பேனை நின்றது. நான் கேட்கவில்லையே. அதனால் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மிஸ் என்ன சொன்னா என்று கேட்டேன். ஒருவர் விடாமல் எல்லாம் சொன்னார்கள், புழு எப்படி அசையும் என்பது வரைக்கும். பிறகுதான் எழுதினேன்.

இன்றைக்கு உங்கள் பிரகலாதன் சேர் பாடசாலைக்கு அழைப்பு எடுத்தார். “ரீச்சர், நீங்கள் எழுதியிருக்கிறதுக்கு நன்று எண்டு போடுறதோ, போதாது எண்டு போடுறதோ?” என்று கேட்டார். “நான் கண்டதை எழுதியிருக்கிறன். போடுறது உங்கடை வேலை” என்றேன். “அப்ப சித்திரையிலை இருந்து நிரந்தரம் எண்டு கடிதம் அடிக்கச் சொல்லுறன்” என்றார். அதை அவர் உமக்குச் சொல்லுமுன் நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். அம்மாவிடம் உடனே சொல்லும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

நாலாம் நிரலில் நான் எழுதியதை நீரும் பார்க்க வேண்டாமா? கீழே பிரதி பண்ணியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா சுவர்ணா

4. அலுவலர் விளக்கிய விதம்: அலுவலரின் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அதனால் பின்வரிசை முன்னால் போய்விட்டது.